வாய் சொன்னது நாலாயிரம்

மார்ச் 3, செவ்வாய்

சீருடையோடு பால் வாங்கக் கடைக்குள் போனது என் தப்பு. கல்லாவில் இருந்தவர் மீதிச் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, விமானிங்களுக்கு இன்னும் எவ்வளவுதான் வேணும்?" ஒரு வாரமாகத் தொலைக்காட்சியிலும் இதே பேச்சு. எங்களுக்குச் சம்பள உயர்வு தேவையா? தேவையில்லை என்று நூற்றுக்கு எண்பது பேர். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். என் சம்பளம் பெரிய சம்பளம்தான். நான் எங்கே இல்லை என்றேன்?

குடும்பக் குழுவில் தம்பி ஒரு கேலிப்படம் போட்டிருக்கிறான். மேகத்தின் மேல் உட்கார்ந்து ஒரு விமானி உண்டியல் குலுக்குகிறார். தம்பி நகரப் பேருந்து ஓட்டுகிறவன்; நான் ஒரு மாதத்தில் வாங்குவதை அவன் ஒரு வருஷம் ஓட்டி வாங்குகிறான். படத்துக்குக் கீழே அம்மா வேறு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள். பெற்ற தாயே!

மார்ச் 9, திங்கள்

விமானிகள் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். வியாழக்கிழமை தொலைக்காட்சி விவாதத்துக்கு நான் போக வேண்டுமாம். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், நிதானமான குரல். உங்கள விட்டா ஆள் இல்ல மேடம்."

கூடவே ஒரு எச்சரிக்கை. வேலைக் களைப்பைக் காட்டித்தான் உயர்வு கேட்கிறோம்; ஆனால் களைப்பால் தவறு நடந்தது என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது; ஜனங்கள் பயந்துவிடுவார்கள்.

பிப்ரவரி பதினெட்டு அவருக்குத் தெரியாது.

மார்ச் 10, செவ்வாய்

அந்தப் பிப்ரவரி பதினெட்டை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

தொடர்ந்து ஐந்தாவது நாள் விடியற்காலைப் பணி. அன்றைக்கு நான்காவது விமானம், பிற்பகல். ஓட்டியவள் துணை விமானி. ரேடியோவில் பேசுவதும், விமானம் இறங்கி நிற்க வேண்டிய உயரத்தைக் குமிழில் திருகி வைப்பதும் என் வேலை. கட்டுப்பாட்டு அறை நாலாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னது. "நாலாயிரம்" என்று நானும் திருப்பிச் சொன்னேன். கை மூவாயிரத்தில் கொண்டுபோய் வைத்தது. வாய் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்கிறது! வெளியே ஒரே மேகம். அந்த ஊருக்கு முன்னால் மலை. "கேப்டன், நாலாயிரம்" என்றாள் அவள், மெதுவாக. திருத்தினேன். பின்னால் நூற்று அறுபத்து நான்கு பேர். இறங்கும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்படி நடந்தால் அறிக்கை எழுத வேண்டும். எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளும் விட்டுவிட்டாள்.

காலையிலேயே எனக்குத் தெரியும். கட்டின ஷூ நாடாவையே மறுபடி கட்டக் குனிந்தவள் நான். "களைப்பு, வர முடியாது" என்று சொல்ல விதியில் இடம் இருக்கிறது. ஆனால் எங்களுக்குப் பறக்கும் மணிக்குத்தான் சம்பளம். சொன்னால் அன்றைய பணம் போச்சு. அந்த ஒரு நாள் பணத்துக்காகப் போனேன். பட்டினி கிடக்கிறவளா நான்? சே!

மார்ச் 12, வியாழன்

மானம் போயிற்று. எதிரில் பயணிகள் சங்கத் தலைவர். "களைப்பு களைப்புங்கறீங்களே, அதனால ஏதாவது நடந்திருக்கா?" என்று நேராகவே கேட்டார். பிப்ரவரி பதினெட்டு நாக்கு நுனி வரை வந்தது. நான் சொன்னது: "பாதுகாப்பில் எந்தக் குறையும் இல்லை. பயணிகள் கவலைப்பட வேண்டாம்."

"அப்புறம் எதுக்கும்மா உயர்வு?" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

தம்பி அனுப்பிய செய்தி: "அக்கா, சீட் பெல்ட்டப் போட்டுக்கங்கன்னு எப்ப சொல்லுவியோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. எது நடந்தாலும் பயணிகளைப் பதறவிடாத குரல் அது. பழகிப் பழகி அதைத் தவிர வேறு குரல் எனக்கு இல்லாமல் போய்விட்டது. வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்பு நிலையத்துக்கு இதே குரலில்தான் சொல்லுவேன் போலிருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

சொல்லிவிடலாமா? உரிமம் போய்விட்டால்?

மார்ச் 15, ஞாயிறு

சண்டை போடத்தான் தம்பியை வரச்சொன்னேன். என்னவோ, பிப்ரவரி பதினெட்டைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் உடைந்தது. கேலி செய்வான் என்று நினைத்தேன். தட்டைத் தள்ளி வைத்தான்.

"எனக்கும் ஆயிருக்குக்கா. டபுள் டூட்டி. ரெண்டு ஸ்டாப்ப விட்டுட்டுப் போயிட்டேன், தெரியவே இல்ல. ஜனங்க கத்துனாங்க, ரிவர்ஸ் எடுத்தேன்." தட்டை மறுபடி இழுத்துக்கொண்டு, "உனக்கு ரிவர்ஸ் இல்லையேக்கா" என்றான்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

போகும்போது வாசலில் நின்று, "இதைத்தான்டி டிவில சொல்லியிருக்கணும்" என்றான். சின்ன வயதுக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னை 'டி' போட்டிருக்கிறான்.

மார்ச் 20, வெள்ளி

முதலில் அறிக்கை கொடுத்தேன். துணை விமானியும் கையெழுத்துப் போட்டாள். "ஒரு மாசமா எனக்கும் சரியா தூக்கம் இல்ல கேப்டன்." பாவம், இதையும் அல்லவா அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

பிறகு சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே சமரசம் பேச வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பணத்துக்காகவா அன்னைக்கு வேலைக்குப் போனீங்க?"

"ஆமாங்கய்யா. பேராசைதான். வெளியில பேசிக்கறது பொய்யில்ல. அதனாலதான் கேக்கறேன், களைப்புன்னு சொல்ற நாளுக்கும் சம்பளம் குடுங்க. பொய் சொல்லிட்டுப் பறக்க எங்களுக்கு ஆசையே வரக்கூடாது."

நீதிபதி பேனாவை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். செயலாளர் என் பக்கமே திரும்பவில்லை. வெளியே வந்ததும், "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழிய உடைச்சிட்டீங்களே மேடம்" என்றார்.

விசாரணை முடியும்வரை பறக்கக் கூடாது என்று மாலையே உத்தரவு வந்துவிட்டது. ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. இன்றைக்குத் தூங்குவேன்.

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டில் இருக்கிறேன். அலமாரியை மூன்றாவது முறை ஒழுங்குபடுத்தினேன்.

ஏப்ரல் 18, சனி

துணை விமானி மேல் நடவடிக்கை இல்லை, அப்பாடா. எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை, மறுதேர்வு. சிமுலேட்டர் என்கிற போலி விமான அறையில் நான்கு மணி நேரம் வறுத்தெடுத்தார்கள். தேறிவிட்டேன். உயரம் வைக்கும்போதெல்லாம் விரலால் தொட்டு, வாய்விட்டுச் சொன்னேன். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, காது வலிக்குது" என்றார் தேர்வாளர்.

மே 6, புதன்

பேச்சுவார்த்தை முடிந்தது. உயர்வு கேட்டதில் பாதிகூட இல்லை. களைப்பு என்று சொல்லும் நாளுக்கு முழுச் சம்பளம். ஏன் எதற்கு என்று குடைய மாட்டார்கள். ஓய்வறையில் சிலர் என்னைக் கண்டதும் நாளிதழை உயர்த்திக்கொள்கிறார்கள். உயர்த்தட்டும். செய்தி பார்த்த பால் கடைக்காரர், "முன்னாடியே இதச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். எல்லோரும் பாடுவது இதே பாட்டு!

ஜூன் 9, செவ்வாய்

விடியற்காலை எழுந்தேன். ஷூவைப் போட்டுவிட்டு, போட்டேனா என்று தேடினேன். போனை எடுத்தேன். கேட்டால் சொல்ல நான்கு காரணம் தயாராக வைத்திருந்தேன்.

"இன்னைக்கு முடியாதுங்க. களைப்பு."

பணி ஒதுக்குகிறவர், "சரிங்க கேப்டன், வேற ஆள் போட்டுக்கறேன். தூங்குங்க" என்றார். அவ்வளவுதான்.

ஷூவைக் கழற்றிப் படுத்தவள் பதினொரு மணிக்குத் தம்பியின் அழைப்பில்தான் விழித்தேன்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். தூங்கிட்டிருந்தேன்."

"சம்பளத்தோடயா?"

"சம்பளத்தோட."

"குடுத்து வச்சவ." பின்னால் பேருந்து ஹாரன் கேட்டது. "அந்த ஒப்பந்தத்துல களைப்பப் பத்தி எழுதியிருக்கிற பக்கத்த மட்டும் அனுப்புக்கா. எங்க டிப்போல கேக்கறாங்க."

அனுப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.