பிரித்துப் போட்ட கணப்படுப்பு

வடக்கு வெர்மான்ட்
1988 மார்ச் 6, ஞாயிறு

அன்பு ரோண்டா,

நான் நலம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீயும் நம் குழந்தை ஆட்ரியும் இன்றைவிடக் கொஞ்சமாவது தேறியிருக்க வேண்டும். போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். நீ ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று பேசுகிறாய், உனக்குப் பின்னால் யாரோ காத்திருக்கிறார்கள், நான் "ம்", "சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் வரிசையாக வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

மாடுகளுக்குக் குறைவில்லை. காது கிழிந்தவள் வெள்ளிக்கிழமை கன்று போட்டாள், கிடேரிக் கன்று. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று தானே மடி தேடிப் போய்விட்டது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இனி உனக்குப் பிடிக்காத சேதி. கணப்படுப்பைப் பிரித்துவிட்டேன். வாசலில் இன்னும் முழங்காலளவு பனி கிடக்கிறது, வீட்டில் இருக்கிற ஒரே சூட்டை யாராவது அணைப்பார்களா என்று நீ கேட்பாய். பெர்னிஸும் அதையேதான் கேட்டார். ஊருக்குப் பனி தள்ளுகிற லாரியை நம் வாசலில் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். தரை முழுக்க இரும்புத் தட்டுகள் கிடப்பதைப் பார்த்ததும், "டேல், உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா, இல்ல பிடிக்கப் போகுதா?" என்றார். ஆனாலும் சாயங்காலம் தன் மண்ணெண்ணெய்க் கணப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்து அதை எரிக்கிறேன்.

அந்த உயரமான நர்ஸ் என்னிடம் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி, "நீங்க விறகு எரிக்கிற வீடா? குழந்தை வீட்டுக்கு வர்றப்ப புகை வாசனைகூட இருக்கக் கூடாது. இப்படி மாசம் ஆகாம பிறந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் தாள் மாதிரி" என்றாள். வீடு வரும் வரை எண்பது மைலும் அது மட்டுந்தான் காதில் இருந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க அடுப்பு எப்படிப் புகைந்தது என்று நமக்குத்தான் தெரியுமே. நீ இருமுவாய், நான் கதவைத் திறந்துவிடுவேன், பிறகு குளிருகிறது என்று நீயே மூடுவாய்.

மேல் தட்டைக் கழற்றி, புகையை இரண்டாம் முறை எரிக்கிற அந்தப் பீங்கான் தேனடையை வெளியே எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டைகளின் வழியே அந்தப் பக்கம் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. பாதிக்கு மேல் சாம்பல் அடைத்திருந்தது. மென்மையான தூரிகையால் தட்டினேன். பிறகு வினிகரும் சுத்தத் தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன், நீ ஜாம் காய்ச்சுகிற பெரிய பாத்திரத்தில். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தாய். மாடுகளை விட்டுவிட்டு எப்படி வருவது? அடுப்பும் இப்படிக் கிடக்கிறது. இதை முடித்துவிட்டால் வந்துவிடலாம்.

ஒழுங்காகச் சாப்பிடு. இயந்திரத்திலிருந்து வருகிற காப்பி சாப்பாடு ஆகாது.

உன்
டேல்


மார்ச் 12, சனி

அன்பு ரோண்டா,

சுவாசக் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னதும் நான் ஒன்றும் பேசவில்லை என்று வருந்தாதே. சமையலறைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். தானாக மூச்சு விடுகிறாள். இரண்டே கால் பவுண்டு எடையில், தானாக.

இங்கே ஒரு வேலையும் என் பேச்சைக் கேட்கவில்லை. தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குகிற நீளமான திருகாணிகளில் இரண்டு துருப்பிடித்து, சுழற்றியதும் முறிந்தன. துளையிட்டு எடுக்க ஒரு நாள் போயிற்று. பழைய சிமெண்டைக் கம்பித் தூரிகையால் சுரண்டச் சுரண்டத்தான் தெரிந்தது, பின்பக்க உள்தட்டில் மேலிருந்து கீழ்வரை விரிசல். தொட்டால் நகம் உள்ளே போகிறது. பார்த்ததும் கையில் இருந்த தூரிகையைச் சுவரில் எறிந்துவிட்டேன். சுவர்க் காகிதத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை குளிர் மறுபடி இறங்கியதில் குளியலறைக் குழாய் உறைந்துபோனது. முடி உலர்த்துகிற உன் கருவியை வைத்து இரண்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். குழாய் வெடிக்கவில்லை. அது ஒன்றுதான் இந்த வாரத்தில் நான் ஜெயித்தது.

டவுனுக்குப் போய் உள்தட்டும் புதுத் தேனடையும் கேட்டேன். பழைய தேனடையையும் எடுத்துப் போயிருந்தேன். எவ்வளவோ கொதிக்க வைத்தும் அதில் வெள்ளையாகப் பூத்திருந்தது போகவில்லை. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாம்பல்னா கழுவிடலாம். இது அப்படியில்ல. உள்ளே பூசியிருக்கிற மருந்தே செத்துப்போச்சு. என்ன எரிச்சீங்க? பெயின்ட் அடிச்ச பலகையா?" என்று கேட்டார். விறகுதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

ரோண்டா, இதைப் போனில் சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

கோடையிலேயே விறகைப் பிளந்து அடுக்கு என்று நீ எத்தனை தடவை சொன்னாய். வைக்கோல் வேலை, வேலி வேலை என்று தள்ளிப்போட்டு அக்டோபரில்தான் வெட்டினேன். டிசம்பரில் அது பச்சையாகவே இருந்தது. அடுப்பின் வெப்பமானி முள் முந்நூறு டிகிரியைத் தாண்டவில்லை. ஐந்நூறு வராமல் தேனடை எரியத் தொடங்காது. அதனால் பழைய கொட்டகையின் மேற்குச் சுவரை இடித்த பலகைகளை எடுத்தேன். காய்ந்த பலகை, சட்டென்று பிடிக்கும். சிவப்புப் பெயின்ட் அடித்தது. எந்தக் காலத்துப் பெயின்டோ, அதில் ஈயம் இருந்திருக்கும். ஜனவரி முழுக்க அதையும் பச்சை விறகையும் கலந்து போட்டேன். தேனடை அதில்தான் செத்தது. அது செத்த பிறகும் புகைப் பாதையை மூடி மூடி எரித்தேன். போக வழியில்லாத புகை இடுக்குகள் வழியாக வீட்டுக்குள் வந்தது. நீ வயிற்றில் கை வைத்துக்கொண்டு இருமினாய். நான் உனக்குச் சளி என்று சொன்னேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து டாக்டரிடமே கேட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் நல்ல மனிதர். "அதனாலதான் முன்னாடியே பிறந்ததுன்னும் சொல்ல முடியாது, அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது, மிஸ்டர் கிம்பல்" என்றார். ஈயம் இருக்கிறதா என்று உன் ரத்தத்தையும் ஆட்ரியின் ரத்தத்தையும் பார்த்துவிடுவதாகச் சொன்னார். ஆமாம், அதனால்தான் என்றால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வேன். இல்லை என்றால் எழுந்து நடப்பேன். அவர் சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொட்டகைக்குப் போகிறேன், கறக்கிறேன், திரும்பி வந்து சிமெண்டைச் சுரண்டுகிறேன்.

பெர்னிஸ் ஒரு பாத்திரத்தில் பீன்ஸ் கொண்டுவந்தார். நான் ஒரே தட்டை மூன்றாம் தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அது இரும்புடா. நீ தேய்ச்சாலும் இரும்பு, தேய்க்காட்டியும் இரும்பு. உன் பொண்டாட்டி அங்க ஒத்தையில உக்காந்திருக்கா" என்றார். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பாத்திரத்தை மேசையில் சத்தமாக வைத்துவிட்டுப் போனார்.

இதைப் படித்துவிட்டு உனக்கு என்மேல் கோபம் வந்தால், அது நியாயம். வேறு எழுத எனக்குத் தெரியவில்லை.

டேல்


மார்ச் 20, ஞாயிறு

என் அன்பு ரோண்டா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால் பெட்டியின் பக்கத்திலேயே சேற்றில் நின்று படித்தேன். நீ நாலு வரிதான் எழுதியிருந்தாய். "நீ கொட்டகையில் இருந்தபோதெல்லாம் அந்தச் சிவப்புப் பலகையை நானும்தான் போட்டேன். சுலபமாகப் பிடித்தது, குளிராக இருந்தது. மூன்று வாரமாக ஆட்ரி பக்கத்தில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சொல்லப் பயந்தேன்."

நீயும்? அங்கே தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு? நான் இங்கே தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்த நாட்களில் எல்லாமா? ரோண்டா, நீ போட்டது நான் வெட்டாமல் விட்ட விறகால். அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. இப்படி நான் எழுதுவது உனக்கு எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியும். நீ என்னிடம் சொன்னாலும் எனக்கு அவ்வளவுதான் உதவும்.

ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இருக்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை என்று டாக்டர் உனக்குச் சொன்னதைப் பெர்னிஸிடம் சொன்னேன். அவர் என் கொட்டகையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வைக்கோல் தூசி" என்றார்.

அடுப்பு முடிந்துவிட்டது. புது உள்தட்டும் புதுத் தேனடையும் பொருந்தின. மூட்டுகள் எல்லாவற்றிலும் சிமெண்ட் பூசி, அடுப்புக் கதவின் விளிம்பில் இடைவெளி அடைக்கிற புதுக் கயிறு ஒட்டி, கதவிடுக்கில் காகிதத் துண்டு வைத்து மூடி எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் வரவில்லை. புகைபோக்கியில் இருந்து தார் மாதிரி ஒட்டியிருந்ததை ஒரு வாளி நிறையச் சுரண்டினேன். சிமெண்ட் காய்வதற்கு மூன்று நாள் சின்னச் சின்னதாக நெருப்பு மூட்டினேன். விறகு பெர்னிஸுடையது, இரண்டு வருடம் காய்ந்த மேப்பிள். நம்முடையதைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுக்கிவிட்டேன், அடுத்த வருடத்துக்கு முன்னால் அதைத் தொடமாட்டேன்.

நேற்று மதியம் முள் ஐந்நூற்றைம்பது காட்டியது. புகைப் பாதைத் தகட்டைத் திருப்பிப் புகையைத் தேனடை வழியாக விட்டேன். கொஞ்ச நேரத்தில் அது மங்கலாகச் சிவந்தது. வெளியே ஓடிப்போய்ப் புகைபோக்கியைப் பார்த்தேன். புகையே இல்லை. மேலே காற்று மட்டும் நெளிந்தது. சாலையிலிருந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை என்று நினைப்பார்கள். உள்ளே வந்து மூக்கை இடுக்குகளில் வைத்து வைத்து மோந்தேன். ஒன்றும் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுக்கப் போனேன். அப்போதுதான் மணி அடித்தது.

நீ பேசியது பாதிதான் எனக்குப் புரிந்தது. கிருமி தொற்றியிருக்கிறது, களைத்துவிட்டாள், மறுபடி குழாய் போட்டிருக்கிறார்கள். அது மட்டும் கேட்டது. பிறகு நீ அழுதாய், நான் "ம்" என்றேன். அடுப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வைத்துவிட்டுத் திரும்பினால் வீடு முழுக்க நல்ல சூடு. ஒரு துளிப் புகை இல்லை. அந்தச் சூட்டில் இருக்கப் பிடிக்காமல் வெளியே படியில் போய் உட்கார்ந்தேன்.

பெர்னிஸ் அங்கேதான் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "அப்ப ஏன் இன்னும் இங்க உக்காந்திருக்க?" என்றார். மாடுகள் என்றேன். "மாடுகளுக்கு உன் மூஞ்சிதான் வேணும்னு யார் சொன்னா? நானும் என் தம்பியும் கறக்க மாட்டோமா? கேட்டிருந்தா மூணு வாரம் முன்னாடியே வந்திருப்போம். நீ கேக்கலை. ஏன் கேக்கலைன்னு உனக்கே தெரியும்" என்றார்.

தெரியும். உனக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஒரு தடவையும் நீ சொல்லிக்காட்டவில்லை. ஆட்ரி பிறந்த மறுநாள் அவளை வைத்திருந்த அறைக்கு நான் வந்தேன். முழங்கை வரை கை கழுவினேன், அங்கி போட்டேன், உள்ளே மூன்றடி வைத்தேன். ஒன்பது மாடுகளின் வயிற்றில் கை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்திருக்கிறேன், ஒரு தடவையும் கை நடுங்கியதில்லை. அவளுடைய காலைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. நீ சக்கர நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தாய். பால் லாரி வரும் நேரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பால் லாரி அன்றைக்கு வருகிற நாளே இல்லை.

தொட்டால் உடைந்துவிடுவாள் என்று பயந்தேன். உடைத்தவன் நான்தானோ என்றும் பயந்தேன். அதனால் உடைந்தால் மறுபடி பூட்டக்கூடிய ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாளை திங்கட்கிழமை பெர்னிஸின் தம்பிக்கு மாடுகளைக் காட்டித் தர வேண்டும், காது கிழிந்தவள் புது ஆளை உதைப்பாள். செவ்வாய்க்கிழமை காலைக் கறவை முடிந்ததும் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேருமா என்று தெரியவில்லை. சேராவிட்டால் நானே கையில் கொடுக்கிறேன். வாயால் என்னால் சொல்ல முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வரும்போது அந்த அறையின் வாசலில் நின்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஏதாவது காரணம் சொல்லுவேன். அதைக் கேட்காதே. எழுந்து வந்து என் கையைப் பிடித்து, அவள் படுத்திருக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாக உள்ளே கொண்டுபோய் அவள் பக்கத்தில் வை. எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக என்று உனக்குத்தான் தெரியும். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தாலும் விடாதே.

அதுவரை அவளிடம் சொல்லிக்கொண்டிரு, அப்பா வந்துகொண்டிருக்கிறான் என்று. செவ்வாய்க்கிழமை வரை மூச்சு விடச் சொல். கடவுள் அவளையும் உன்னையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன்
டேல்