திருப்பிச் சொல்லாத வரைக்கும்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எப்போதும்போல் தொடங்கத்தான் நினைத்தேன், ஆனால் இங்கே பாதி நலம்தான், மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் முழு நலமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குப் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நீ சிரிப்பாய். போனில் எங்கே பேச விடுகிறார் உன் அப்பா, மணி அடித்ததுமே ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒன்று சொன்னால் அதற்கு ஒரு திருத்தம் சொல்கிறார். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். தலையில் இருக்கிற நாலு முடியை வெட்ட எவ்வளவு நேரம் ஆகப்போகிறது, ஆனால் அங்கே உட்கார்ந்து உலகக் கதையெல்லாம் பேசிவிட்டுத்தான் வருவார், அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

முதலில் ஒன்று. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, சொன்னதைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்கிறாள், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அப்பா உன்னிடம் சொன்னாராம், நீ அழுதாயாம். எனக்கு மறதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நீ மூன்றாம் வகுப்பில் எந்த டீச்சரைப் பார்த்துப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாய் என்பது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் தெரிந்தேதான் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன், அவசரப்படாமல் படி, மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

அப்பா வேலை பார்த்த சலவை ஆலை பாய்லர் அறையில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருப்பார். ஒரு ஷிப்ட் முடிந்து போகிற ஆள், வருகிற ஆளிடம் எல்லாவற்றையும் வாயால் ஒப்படைக்க வேண்டும். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, ஆவி எவ்வளவு, எந்த வால்வு கசிகிறது, எந்தப் பக்கம் புதிதாகச் சத்தம் கேட்கிறது, எல்லாம். வந்தவர் சும்மா தலையாட்டினால் போதாது, கேட்டதை அப்படியே தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் போகிறவர் பையைத் தொடக்கூடாது. எழுதி வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, "எழுதி வெச்சா எவன் படிப்பான், வாயால சொன்னாத்தான் மண்டையில ஏறும்" என்றார். இந்த வழக்கத்தால் எத்தனை நாள் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட மனுஷன் ரிட்டையர் ஆன அன்றைக்கு ஒப்படைக்காமலே வந்துவிட்டார். அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய நெட்டையன் மழையில் மாட்டிக்கொண்டான், அதற்குள் மேனேஜர் ஆள் அனுப்பி, மேலே வழியனுப்பு விழாவுக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆளாளுக்கு இவரைப் புகழ்ந்து பேசுகிறார்கள், இவர் கண் ஜன்னல் வழியாகப் புகைக்கூண்டிலேயே இருக்கிறது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கூட்டம் முடிந்து கீழே ஓடிப் பார்த்தால் நெட்டையன் எப்போதோ வந்து வேலையைத் தொடங்கிவிட்டான், "அண்ணே நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்றானாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தவர், "சார்ஜ் குடுக்காம வந்துட்டேனே" என்றார். போகட்டும், பத்து நாளில் மறந்துவிடுவார் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறக்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டை ஒப்படைக்க ஆரம்பித்துவிட்டார், என்னிடம். ஒருநாள் காலையில் கூப்பிட்டு, தண்ணி மோட்டார் காற்று பிடித்துக்கொண்டால் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகுதான் போட வேண்டும் என்றார். இதைக் கேட்டு நான் என்ன செய்யப்போகிறேன், நீங்கள்தான் இருக்கிறீர்களே என்று சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னேன். சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பார். இந்த மனுஷன் கிளம்பத் தயாராகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்துதான் இந்த மறதி நாடகம். மொட்டைமாடித் தொட்டி வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று திரும்ப மூடு, இல்லாவிட்டால் இறுகிக்கொள்ளும் என்பார், நான் முழுக்க மூடிவிட்டுக் கால் சுற்றுத் திறக்க வேண்டும் என்பேன். கேஸ் சிலிண்டர் மாற்றினால் சோப்பு நுரை வைத்துக் கசிகிறதா என்று பார்க்கச் சொல்வார், நான் சிலிண்டரைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதானே என்பேன். "இத்தனை வருஷம் என்னோட குடும்பம் நடத்தியும் உனக்கு ஒண்ணுமே ஏறலையே" என்று தலையில் அடித்துக்கொள்வார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். நான் திருப்பிச் சொல்லாத வரைக்கும் அவரால் பையைத் தொட முடியாது அல்லவா, அவர் சட்டப்படியே நடக்கட்டும் என்று இருந்தேன்.

இனிமேல் எழுதுவதுதான் நான் பயந்து பயந்து எழுதுவது. அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயசாச்சு என்று மழுப்பிக்கொண்டிருந்தவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதாம், ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "சார்ஜ் குடுத்துட்டு வந்துடறேன் டாக்டர்" என்றார். "அதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே, இன்னும் என்ன சார்ஜ்" என்று அவர் என்னைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். உன்னிடம் போனில் சொல்லிவிடக்கூடாது என்று என் தலையில் கை வைத்து ஆணையிட்டுவிட்டார். போனில் சொல்லக்கூடாது என்றுதான் ஆணை, கடிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போது என் நிலைமையைப் பார். நான் சரியாகத் திருப்பிச் சொன்னால் எல்லாம் முடிந்தது என்று அவர் கிளம்பிவிடுவாரோ என்று பயம். தப்பாகச் சொல்லிக்கொண்டே போனால் ஆபரேஷனுக்கு வராமல் நாளைக் கடத்துகிறார், அது அதைவிடப் பயம். பகலில் அவர் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தாலும் பக்கத்தில் போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். ஒருநாள் விழித்துக்கொண்டு, "என்ன, பிரஷர் பாக்கறியா" என்று கிண்டல் செய்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஷிப்ட், ஷிப்ட் என்றுதானே எங்கள் வாழ்க்கை போயிற்று. அவர் தூங்கும்போது நான் சத்தம் போடாமல் பாத்திரம் கழுவினேன், நான் தூங்கும்போது அவர் பாய்லருக்குத் தீனி போட்டார். ரிட்டையர் ஆனால் ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் டீ குடிப்போம், எந்த வேலையும் இல்லாமல் ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவோம் என்று நான் மனசுக்குள் வைத்திருந்தேன். இதுவரை ஒரு ரயிலும் ஏறவில்லை. இருக்கிற நாளெல்லாம் வால்வும் மோட்டாருமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அவரோடு வெட்டியாகப் பொழுது போக்க வேண்டும் சின்னு, வேறு ஒரு ஆசையும் இல்லை, அதற்குக்கூட நாள் இருக்குமா இருக்காதா என்று தெரியவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே, இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், நடந்துதான் முடி வெட்டப் போயிருக்கிறார். தொட்டி வால்வை மறுபடியும் சொல்லித்தருகிறேன் வா என்று எனக்கு முன்னால் மாடிப்படி ஏறினார். பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை, கை நெஞ்சில், பேச வாய் வரவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, தையல்காரம்மாவைக் கூப்பிட்டு ஆட்டோவுக்கு ஓடச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது. மோட்டாரில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போடணும், தொட்டி வால்வைத் திறந்துட்டுக் கால் சுற்று மூடணும், சிலிண்டருக்கு நுரை வெச்சுப் பாக்கணும், பின்கதவைக் கொஞ்சம் தூக்கித் தாழ்ப்பாள் போடணும், ஈரக் கையோட மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒன்றுகூடப் பிசகாமல் ஒப்பித்தேன். எல்லாம் வாங்கிக்கிட்டேன், இப்பவாவது ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று அழுதேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏற்றிய பிறகுதான் குரல் வந்தது. "அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை இத்தனை நாள் அலைக்கழிச்சியா" என்றார். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்தவர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார், அடுத்த மாத முதல் வாரத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். நான் அப்போதே கறாராகச் சொல்லிவிட்டேன், நான் வாங்கியது ஒரு ஷிப்டுக்குத்தான், நீங்கள் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் உங்களிடம் திரும்ப ஒப்படைப்பேன், நீங்கள்தான் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று. சிரித்தார். சரி என்று மட்டும் சொல்லவில்லை. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அதைச் சின்னுகிட்டத்தான் ஒப்படைக்கணும்" என்றார். அது என்ன எனக்குத் தெரியாத ஒன்று என்று கேட்டேன். "உன்னைத்தான்" என்றார். அதற்கப்புறம் நான் அடுப்படிக்குப் போய் வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தமாக உருட்டிக்கொண்டிருந்தேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையும் நீயும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கிற மாதிரி ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். குட்டிப்பயலுக்கு என் முத்தம். லீவு கேட்டுக்கொண்டு ஆபரேஷனுக்கு முன்னாலேயே வந்து சேர், அப்பாவிடம் நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, சும்மா பார்க்கத் தோன்றியது என்று சொல். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, ஒருவரை ஒருவர் அலுக்கிற அளவுக்குக் கூடவே இருந்து வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா உனக்குப் போன் செய்வார். அம்மாவுக்கு எந்த மாத்திரை, அம்மா எதற்குக் கோபப்படுவாள், கோபத்தில் சாப்பிடாமல் இருந்தால் எப்படிச் சமாதானம் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "எங்கே, திருப்பிச் சொல்லு" என்பார். லைன் சரியில்லை என்று சொல்லு, குழந்தை அழுகிறான் என்று சொல்லு, எது வேண்டுமானாலும் சொல்லு, அதை மட்டும் திருப்பிச் சொல்லிவிடாதே கண்ணு.

இப்படிக்கு,
ஒரு மறதியும் இல்லாத
உன் அம்மா