கயிறு மாற்றும் நேரம்

பென்னாகரம்
31.7.1980

அன்புள்ள தீர்த்தம்மாளுக்கு,

உன் சிநேகிதி சாலம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். பெங்களூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாய் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது என்று பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு சேதி கேட்டால் சிரிப்பாய். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் நானும் ஒரு தொண்டர். பெண்கள் குளிக்கும் துறையில் ஆண்கள் நிற்க முடியாதென்று எங்கள் சர்ச் மாதர் சங்கத்தில் வந்து ஆள் கேட்டார்கள். வீட்டுக்குள்ளேயே கிடக்காதே என்று நீதானே ஓயாமல் சொல்வாய். பேர் கொடுத்துவிட்டேன். கையில் கட்ட ஒரு பச்சைப் பட்டை, ஒரு விசில் கொடுத்தார்கள். முதல் நாள் ஊதியபோது வெறும் காற்றுதான் வந்தது. இப்போது ஊதினால் அக்கரை வரை கேட்கும்.

வேலை இதுதான். பாறையில் கட்டிய வடத்தைத் தாண்டி யாரையும் விடக் கூடாது. தண்ணீர் ஏறினால் ஊதி எல்லோரையும் மேலே அனுப்ப வேண்டும். ஆனால் பெண்கள் தாலிக்கயிறு மாற்றும்போது மட்டும் ஊதக் கூடாதாம். அபசகுனம் என்று அடிக்க வருவார்கள் என்றார் தொண்டர் தலைவர் காளியப்பன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்தால் என்று கேட்டேன். "நீ வேதக்காரப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் வெளங்காதும்மா" என்று என் வாயை அடைத்துவிட்டார். எனக்கு எரிச்சலாய் வந்தது.

நேற்று பயிற்சிக்குப் போயிருந்தோம். தண்ணீர் செக்கச்செவேலென்று இருக்கிறது. காலையில் நாங்கள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்ட பாறையை மத்தியானம் காணோம். பரிசல்காரர் மாது பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். ஏனென்று கேட்டேன். "மேல மழை நிக்கலீங்க. அணைய எப்ப தெறப்பாங்கன்னு ஆருக்குத் தெரியும்" என்றார். மீன் வறுக்கிற பெண்களும் அடுப்பை மேலே மாற்றிவிட்டார்கள். காளியப்பனோ, வருகிற ஜனங்களைப் பயமுறுத்தாதீர்கள் என்கிறார்.

தலை ஆடிக்குக் கயிறு மாற்ற ஆடிப் பதினெட்டன்று நேராய் ஆற்றுக்கே வருகிறோம் என்று எழுதியிருந்தாய். புதுப்பெண்ணை வராதே என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது. உன் மாமியார் என்ன நினைப்பார்களோ. ஆனாலும் பயமாய் இருக்கிறதடி. எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கிணற்றடியைக் கழுவி வைக்கிறேன். பக்கத்து வீட்டு ராமக்காள் அக்கா முறைப்படி கட்டிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார்கள். மஞ்சளும் கயிறும் வாங்கியாகிவிட்டது. நான் மட்டும் வீட்டில் இருக்க மாட்டேன். நான் போகாவிட்டால் அந்தத் துறையில் நிற்க வேறு ஆளில்லை.

அப்படியும் பெரியவர்கள் கேட்காமல் ஆற்றுக்கே கூட்டி வந்தால், எனக்காக ஒன்று செய். தண்ணீர் ஏறினால் யார் என்ன ஏசினாலும் நான் ஊதுவேன். உன் கழுத்தில் முடிச்சு பாதியில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, மேட்டில் நிற்கும் உன் வீட்டுக்காரரிடம் ஏறிப் போய்விடு. பழி என்னோடு போகட்டும். நீ மஞ்சள் குங்குமத்தோடு நூறு வயசு இருக்க வேண்டும். ஏறியபின் திரும்பி இறங்கி வந்து என்னைத் தேடாதே, கண்ணு.

என்றும் உன்
சாலம்மாள்