விளக்கெண்ணெய் மேல் போட்ட பழி

டிசம்பர் 16, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. குழந்தைக்கு வாங்கிய சட்டைகளை அடுப்புக்கு மேல் கொடி கட்டி உலர்த்தினேன். இப்போது எல்லாவற்றிலும் கருவாட்டு வாசனை. மறுபடி துவைக்க வேண்டும்.

மதியம் தட்டுக் கழுவும்போது வயிறு முழுக்க இறுகியது. உள்ளே யாரோ முஷ்டி மடக்கியதுபோல. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் என்னைக் கேட்காமல் என் உடம்பு ஒரு காரியம் செய்கிறது. குழாயை மூட மறந்து நின்றேன். விட்டது. மறுபடி பிடித்தது.

வீட்டுக்காரர் சரவணனுக்குப் போன். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் சத்தம், “என்னா? என்னா?” என்பது மட்டும் கேட்டது. ஐந்து தடவை “வலி” என்று கத்தினேன். சட்டையெல்லாம் தேயிலைத் தூளோடு ஓடி வந்தார். பழைய லேண்ட்ரோவரின் பின்பக்கம் முட்டைக்கோஸ் இலைகள். அவருடைய அண்ணன் காய்கறி ஏற்ற வாங்கிப்போனால் கூட்டித் தருவதில்லை.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் வலி நின்றுவிட்டது. சுத்தமாக. பல் வலிக்காரனுக்கு டாக்டரைப் பார்த்ததும் சரியாகிவிடுவதுபோல.

பிரசவ வார்டு நர்ஸ், மிஸ்ஸி, என் வயிற்றில் பெல்ட் கட்டிப் பார்த்தார். நல்ல மனுஷி. “பொய் வலிமா. நடந்தா நிக்கும், சாஞ்சு படுத்தா நிக்கும். நெஜ வலி நீ என்னா செஞ்சாலும் நிக்காது. சந்தேகம்னா திரும்ப வா, வெக்கப்படாத.”

வெட்கமாகத்தான் இருந்தது. திரும்பும் வழியில் ச. ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. அது இன்னும் மோசம்.

டிசம்பர் 17, புதன்

மழை இல்லை, பனி. எதிர்மலை தெரியவில்லை.

பிரசவப் புத்தகங்களிலிருந்து எழுதி வைக்கிறேன், பதற்றத்தில் மறக்காமல் இருக்க.
பொய்: ஒழுங்கில்லாமல் வரும். முன்வயிற்றில் மட்டும். இடம் மாறினால் போகும்.
நிஜம்: நெருங்கி நெருங்கி வரும். கூடிக்கொண்டே போகும். இடுப்பின் பின்னால் தொடங்கி முன்னால் வரலாம். பனிக்குடம் உடைந்தால் உடனே கிளம்பு.

இவ்வளவுதான். தேர்வுக்குப் படித்த காலத்தில் இதைவிடக் கடினமானதையெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறேன். என் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால்கூட முழு மதிப்பெண் வாங்குவார்கள்.

அத்தை, ச.வின் அம்மா, தோட்டத்து வேலைக்காட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். “பரீட்சையாமா?”
“வலியப் பத்தி அத்தை.”
“நாலு பெத்தேன். ஒன்னுக்கும் பேனா புடிக்கல.”

வாங்க வேண்டியவை: நாப்கின், தெர்மாஸ் மூடி, ச.வுக்குக் காலுறை.

டிசம்பர் 19, வெள்ளி

நாளை முதல் பள்ளி விடுமுறை. கீழே ரோட்டில் இன்றே சுற்றுலா வந்த கோலாலம்பூர் கார்கள்.

மாலையில் மறுபடி இறுக்கம். கொஞ்ச நேரம் சும்மா, பிறகு ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. நடந்தேன், போனது. பொய்தான். அட்டவணை வேலை செய்கிறது. சின்னப் பெருமை.

அத்தை மழைக்கோட்டைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டார். “சூட்டு வலி. ஒடம்புல சூடு ஏறிப்போச்சு.”
“இந்தக் குளிர்லயா அத்தை?”
“குளிரு வெளியிலல்லா. சூடு உள்ள.”

விளக்கெண்ணெயைத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் தடவினார். அதுவரை சுகம். பிறகு சூடான காப்பியில் ஒரு கரண்டி ஊற்றி நீட்டினார். குடிக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். ஏன் என்றும் படித்திருக்கிறேன். குடித்தேன்.

மறுப்பதற்கு ஒரே வழி மறுபடி ஆஸ்பத்திரி என்று தோன்றியது. மறுபடி பெல்ட், மறுபடி ஒன்றுமில்லை, மறுபடி ச. பேசாமல் வண்டி ஓட்டுவது. அதற்கு எண்ணெய் தேவலை. இவ்வளவு படித்தவள்.

படுக்கும் முன்பே வயிறு கலக்கம். கக்கூஸ். மறுபடி கக்கூஸ். அத்தை வெளியிலிருந்து, “போவட்டும். சூடு எறங்குது.”

டிசம்பர் 20, சனி

தூங்கவில்லை. வெயில். துணி காயும்.

எண்ணெய் இன்னும் விடவில்லை. சுருட்டிப் பிடிக்கிறது, ஓடுகிறேன், இப்போது ஒன்றும் வருவதில்லை. இடுப்பு பின்னால் பிளக்கிறது. சரியாகத் தூங்காததால்.

ச. “போலாமா?” என்கிறார். அத்தை: “எண்ணெ குடிச்சா அப்படித்தான்டா. நீ ஒருத்தன்.” நானும் அதையே சொன்னேன். கீழே கார் வரிசை அசையவே இல்லை. இந்தக் கூட்டத்தில் வயிற்றுப்போக்கோடு போய் என்னவென்று சொல்வது.

கஞ்சி இறங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நடந்தாலும் போகவில்லை. படுத்தாலும். எண்ணெய்க்கு எங்கே தெரியும் நான் நடக்கிறேனா படுக்கிறேனா என்று.

பின்னால் தொடங்கி முன்னால்

டிசம்பர் 21, ஞாயிறு

ஆஸ்பத்திரி. வார்டு ஜன்னலில் மழை. பெண். என் பக்கத்தில் தூங்குகிறாள். எழுத்து கோணுகிறது, படுத்தபடியே எழுதுகிறேன்.

நேற்று அந்த வரியை எழுதும்போதுதான் என் அட்டவணை நினைவுக்கு வந்தது. நானே எழுதிய வரி, புதன்கிழமை, அதே மேசையில். எழுந்தேன், பனிக்குடம் உடைந்தது. தரையெல்லாம் தண்ணீர். அத்தை ஓடி வந்து வயிற்றில் கை வைத்தார். அடுத்த இறுக்கம் வந்து போகும்வரை எடுக்கவில்லை. பிறகு, “சரவணா, வண்டிய எடு” என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அவருக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஸ்ட்ராபெரித் தோட்டம் தாண்டி வண்டி நின்றது. முன்னால் கார், பின்னால் கார், ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். ச. ஹாரனை அழுத்தினார். எல்லோரும் பதிலுக்கு அழுத்தினார்கள். இறங்கி முன்னால் ஓடினார், ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டு.

நானும் அத்தையும் பின்னால், முட்டைக்கோஸ் இலைகள்மேல் கம்பளி விரித்து. “முக்காதமா, முக்காத, முக்காத.” நான் முக்கவில்லை. உடம்பு முக்கியது. அதே முஷ்டி, ஆனால் இப்போது நான்தான் அதற்குள் இருந்தேன். பிறகு அத்தை, “சரி. முக்கு தாயி.”

வந்துவிட்டாள். அழவில்லை.

 அத்தை தலையில் கட்டியிருந்த துண்டை உருவி முதுகைத் தேய்த்தார், தேய்த்தார். “அழு. அழுடி. யாத்தே, அழு.” பக்கத்துக் காரில் ஒரு பெண் பாதி கடித்த சோளத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மென்று முடிக்காத வாய். எத்தனை விநாடியோ.

அழுதாள். அந்தப் பெண்ணும் அழுதாள், சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

“கொடியத் தொடாத, அப்படியே இருக்கட்டும்” என்று குழந்தையை என் நெஞ்சில் வைத்துச் சட்டைக்குள் மூடினார் அத்தை. அதற்குள் ச. நான்கைந்து கார்களை மலையோரம் ஒதுங்க வைத்திருந்தார். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தவர், மூன்று பேராகியிருந்த எங்களைப் பார்த்து, “போலாமா?” என்றார். வேறு சொல் அவருக்குக் கிடைக்கவில்லைபோல.

காலையில் மிஸ்ஸி, அதே மிஸ்ஸி, படிவத்தோடு. “வலி எப்பமா ஆரம்பிச்சது?”
தெரியவில்லை. வெள்ளி மாலை பொய். சனி மதியம் பிள்ளை. நடுவில் முழுக்க விளக்கெண்ணெய்.
“எண்ணெ குடிச்சியா?”
அத்தை முந்திக்கொண்டார். “நான்தான் மிஸ்ஸி குடுத்தேன்.”
“அது வலிய நிறுத்தாதுமா, கெளப்பி விட்றும். வயித்துப்போக்குன்னு நெனச்சு வீட்லயே கெடந்தா என்னாவறது? பிள்ள உள்ளயே வெளிக்கிப் போயிருந்தா மூச்சுத் திணறியிருக்கும்.”
 அத்தை எண்ணெய் தடவிய தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான் குடித்தேன் என்று சொன்னேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ச. தூங்கி விழுகிறார், நாற்காலியில். ஒரு காலில் மட்டும் காலுறை.

மதியம். பால் கொடுத்துக்கொண்டே எழுதுகிறேன். அவள் உறிஞ்ச உறிஞ்ச வயிறு இறுகுகிறது. அதே முஷ்டி. உள்ளே யாரும் இல்லை, பிறகு எதை மடக்குகிறது? விட்டது. மறுபடி.

“அத்தை, மறுபடி வலிக்குது.”

பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “சூட்டு…” என்று தொடங்கினார். நிறுத்தினார்.

“நான் ஒன்னும் சொல்லலமா. மிஸ்ஸியக் கூப்புட்றேன்.”

செருப்புப் போடாமல் ஓடுகிறார்.