பாட்டிலுக்கு முன்னால் மூச்சு

கோணியைப் பிரித்ததும் பவுடர் வாசனை வந்தது. பயிற்சிப் பொம்மையின் ரப்பர் நெஞ்சு நம் கடற்கரைப் புழுக்கத்தில் பிசுபிசுத்துப் போகும் என்று, ஒவ்வொரு புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் நீ அதைத் துடைத்து, குளிப்பாட்டிய குழந்தைக்குப் பூசுவதுபோல் பவுடர் பூசி வைப்பாய். நீ போன பிறகு நான் அதைத் தொடவில்லை. இன்று, நீ கடைசியாக வேலை பார்த்த இந்த மலையடிவார ஊர் ஆஸ்பத்திரியில் அதை வெளியே எடுத்தேன். கழுத்து மடிப்பில் உன் பவுடர் அப்படியே இருந்தது. அழுகை வரவில்லை. பொம்மையைத் தூக்கி யார் மேலாவது எறிய வேண்டும் போலிருந்தது.

நம் மரக்காணத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் ஒரே கூத்து. கோணிக்கு வெளியே பொம்மையின் தலை நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, தலையோட வருது?"

"பொம்மைங்க. நர்சுங்களுக்குப் பாடம் நடத்த."

"இதுக்கு டிக்கெட் வாங்கினீங்களா?"

"மூச்சு உடாததுக்குக் கூடவா டிக்கெட்டு?"

பின் சீட்டில் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் கண்டக்டரையே பொம்மைக்கு மூச்சுக் கொடுக்க வைத்திருப்பாய்.

நம் டிரஸ்ட்டின் இன்னொரு கிளைதான் இந்த ஆஸ்பத்திரி. என்னை இங்கே பாடம் நடத்த அனுப்பியது யார் தெரியுமா? நம் மேனேஜர். உன்னை இங்கே தூக்கிப் போட்ட அதே மேனேஜர். நன்கொடை கொடுத்தவர்கள் பயிற்சி நடக்கிறதா என்று கேட்டு எழுதிவிட்டார்களாம். திடீரென்று நான் 'மேடம்' ஆகிவிட்டேன். "மேடம், இத நீங்கதான் செய்ய முடியும்" என்றார். முகத்தில் ஒரு கூச்சம் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஒரே ஒரு காரணத்துக்காக ஒத்துக்கொண்டேன். நீ செத்துப்போன அன்று உனக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஆளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

சுனாமி அலை வந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் டூட்டியில் இருந்தோம். வேனில், மீன் வண்டியில், கதவுப் பலகையில் என்று ஆட்களைத் தூக்கி வந்தபடியே இருந்தார்கள். நாம் என்ன செய்தோம்? பாட்டில் ஏற்றினோம். வந்தவர்களுக்கெல்லாம் பாட்டில். நம் பக்கத்தில் பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் ஆரம்பித்ததாக அர்த்தம். தொங்கவில்லை என்றால் கூட வந்தவர்கள் கத்துவார்கள், தொங்கிவிட்டால் அடங்குவார்கள். நோயாளியைப் பார்க்கும் முன் நரம்பைத் தேடும் பழக்கம் நமக்கு அப்படித்தான் வந்தது. உன் ஊர் எக்கியார்குப்பத்துக்காரர் ஒருவருக்கு இரண்டு கையிலும் மாறி மாறி நரம்பு தேடினோம். அவர் வாய் நிறைய மணல் இருந்ததை, அவர் உயிர் போன பிறகு உதட்டைத் துடைக்கும்போதுதான் பார்த்தோம்.

அன்று சாயங்காலம் நீ கை கழுவிக்கொண்டே இருந்தாய். "வாயத் தொறந்து பாக்கலடி நாம" என்றாய்.

அதனால்தான், சில மாதம் கழித்து வெளியூர் டாக்டர்கள் வந்து, சாகக் கிடப்பவரை எந்த வரிசையில் பார்ப்பது, ஆளுக்கு என்ன வேலை, பார்த்ததை எப்படி உரக்கச் சொல்வது என்று நடத்தியபோது, மற்றவர்கள் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க, நீ இமை தட்டாமல் உட்கார்ந்திருந்தாய். அவர்கள் பொம்மையை நம் இருவரிடமும் விட்டுப் போனார்கள். அடுத்த புதன்கிழமையே அவர்களுடைய ஆங்கில வரிசை நம் பேச்சாகிவிட்டது.

"வாயப் பாரு. மாரப் பாரு. நாடியப் பாரு. கூப்ட்டுப் பாரு. அப்பறம் துணிய வெலக்கி மொத்தமா பாரு. ஒண்ணு சரியாவாம அடுத்ததுக்குப் போனே, கைய ஒடிப்பேன்."

நர்ஸ்களோடு நிறுத்தவில்லை. டிரைவர், கூட்டுகிற பெண்கள், வாட்ச்மேன் எல்லாரையும் உட்கார வைத்தாய். வாட்ச்மேன் முறுக்கிக்கொண்டார்.

"ஏம்மா, நான் கேட்டத் தொறக்கறவன். எனக்கு எதுக்கு இந்தப் பொம்ம வெளையாட்டு?"

"கேட்டத் தொறக்கறவருதாங்க மொதல்ல பாக்கறாரு. நீங்க பாத்துட்டு வாய மூடிக்கினு இருந்தா, நாங்க உள்ள இன்னாத்த பண்றது?"

பாட்டில் கேட்டுக் கத்துகிறவர்களுக்கும் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். கூட்டத்தில் யார் தொண்டை பெரிதோ அவரைக் கூப்பிடுவாய். "அண்ணே, இங்க வாங்க. காலப் புடிச்சிக்கங்க. நான் சொல்றவரைக்கும் உடக்கூடாது." காலைப் பிடிப்பதால் நோயாளிக்கு ஒரு பயனும் கிடையாது. ஆனால் அந்த மனிதர் உயிரையே பிடித்திருப்பதுபோல் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் கத்துபவரை அதட்டவும் ஆரம்பித்துவிடுவார். நமக்கு மூச்சைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

பிறகு நன்கொடையில் அந்த அறை வந்தது. இரண்டு கட்டில், ஆக்சிஜன், சளியை உறிஞ்சும் மெஷின், மானிட்டர். வந்த வேகத்தில் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, அறையைப் பூட்டி, சாவியை மேனேஜர் எடுத்துக்கொண்டார். திறப்பு விழா நடக்க வேண்டுமாம். நாம் வகுப்புக்கு வைத்திருந்த ஆம்பு பையைக்கூட, அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுக்க நம்மிடம் இருந்த ஒரே ரப்பர் பையை, மேசையில் அழகாக அடுக்குவதற்கு உள்ளே கொண்டுபோனார்கள். பொம்மையை மட்டும் வெளியே தள்ளினார்கள். போட்டோவில் விழுந்தால் அசிங்கமாக இருக்குமாம்.

"பெரியவங்க கையால தொறக்கட்டும்மா. அதுக்குள்ள அழுக்கு பண்ணிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றார் மேனேஜர்.

"வர்றவங்க கிட்ட அப்ப நீங்களே சொல்லிடுங்க சார். ரிப்பன் வெட்டறவரைக்கும் மூச்சு உட்டுக்கினு இருங்கன்னு."

விழா தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. பெரியவருக்கு நேரம் ஒழியவில்லை. உப்பு வாரும் காலம் வந்துவிட்டது.

அந்தக் காலையில் டெம்போ வந்து நிற்பதற்குள் வாட்ச்மேன் குரல் வந்தது. "பாம்பு! கண்ணு சொருவுது! மூச்சு மேலால வாங்குது!" நாடகம் பார்ப்பதுபோல் வகுப்பில் உட்கார்ந்திருந்த அதே மனிதர். உப்பளத்து வரப்பில் கடி வாங்கிய பெண், முப்பது வயதுகூட இருக்காது. எச்சில் விழுங்க முடியாமல் வாயில் நுரைத்து நின்றது. இமையைத் தூக்க முடியவில்லை. புருஷன் வந்ததும் வராததுமாக, "பாட்டில் போடுங்கம்மா, பாட்டில் போடுங்க" என்று அரற்றினான். நீ அவனைக் காலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வாயைத் துடைத்தாய். மாரைப் பார்த்தாய். அது ஏறுவதே தெரியவில்லை.

விஷமுறிவு மருந்து நம்மிடம் கிடையாது. பாண்டிச்சேரி போய்ச் சேரும்வரை யாராவது அவளுக்காக மூச்சு விட வேண்டும். அதற்கான பை பூட்டிய அறைக்குள் இருந்தது. மேனேஜர் பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்தார். போனில் கேட்டபோது, "நான் வர்றவரைக்கும் தொறக்காதீங்க" என்றார். நீ போனை வைக்கக்கூட இல்லை, தொங்கவிட்டாய். பாட்டில் மாட்டும் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கிவந்து பூட்டின் மேல் போட்டாய். அந்த ஸ்டாண்டுக்கு அன்றுதான் உருப்படியான வேலை கிடைத்தது.

வேனில் நீயும் நானும் கை மாற்றிக் கை மாற்றிப் பையை அழுத்தினோம். பொம்மையார்பாளையம் தாண்டும்போது எனக்கு விரல் மரத்துப்போய்த் தாளம் தப்பியது. "எண்ணுடி, வாய் உட்டு எண்ணு" என்று கத்தினாய். பெரிய முதலியார்சாவடியில் ஒரு கல்யாண ஊர்வலம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. நீ ஜன்னல் வழியாக மாப்பிள்ளையையே திட்டி வழி வாங்கினாய். அந்தப் பெண் பிழைத்தாள். இப்போதும் உப்பு வாருகிறாள்.

உனக்கு மெமோ கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் சொத்துக்குச் சேதம், மேலதிகாரியின் சொல்லை மதிக்காதது. கடலைவிட்டு ஒரு நாளும் தள்ளி இருந்திராத உன்னை இங்கே மாற்றினார்கள். போகும்போது கூப்பிட்டு, இனி யாருக்கும் பாடம் எடுக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். நம் புதன்கிழமை நின்றது. புதுப் பூட்டு வாங்கிப் பூட்டி, பெரியவர் வந்து, ரிப்பன் வெட்டி, மிக்சர் சாப்பிட்டுப் போனார். அந்த அறையின் முதல் நோயாளி ஏற்கனவே பிழைத்துப் போய்விட்டாள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம். சொல்லத்தான் போகிறேன். போனில் உன்னிடம் எத்தனை முறை கேட்டேன், "அங்க இருக்கற பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடேன்டி" என்று.

"வேணாம்பா. வாயத் தொறந்தா இன்னும் தூரமாத் தூக்கிப் போடுவாங்க. பொண்ணு பன்னண்டாவது. அது பரீச்ச முடியட்டும்."

"உன் குரல் ஏன் இப்படி வருது?"

"மாடிப்படி ஏறினா எளைக்குது. மாத்திர போட்டுக்கினுதான் இருக்கேன். நீ உன் வேலையப் பாரு."

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் உன் இதய வால்வு சுருங்கிப் போனது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது. யார் பேச்சையும் கேட்காத நீ, கேட்கவே கூடாத அந்த ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி இருந்தாய். ஏன்டி?

இன்று வகுப்பில் பொம்மையைக் கட்டில்மேல் போட்டேன். பாடம் ஆரம்பிக்கவில்லை. "அன்னிக்கு டூட்டி யாரு?" என்று கேட்டேன். எந்த நாள் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. கடைசி வரிசையில் சுகந்தி என்ற பெண் எழுந்தாள். படிப்பு முடித்து நேராக இங்கே வந்தவள்.

"நான்தாங்கக்கா."

"இன்னா பண்ணே?"

"படுக்க வெச்சிப் பாட்டில் போட்டேன். வார்டுல இருந்த ஜனங்கல்லாம் வந்து நின்னுக்கினு, நர்சம்மாவுக்கே பாட்டில் ஏத்த மாட்டீங்களான்னு கத்துனாங்க. அது முடிஞ்சதும் இன்னொண்ணு போட்டேன்." பொம்மையைப் பார்த்தபடியே சொன்னாள். "அவங்க எழுந்து எழுந்து உக்காந்தாங்கக்கா. நான்தான் தோளப் புடிச்சி அமுக்கிப் படுக்க வெச்சேன். அசையாதீங்க அக்கான்னு சொன்னேன்."

நீ உட்காரப் பார்த்திருக்கிறாய். நுரையீரலில் நீர் கோத்து, பேச மூச்சில்லாமல், உடம்பாலேயே அந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். உன்னை மல்லாக்கப் படுக்க வைத்து, இருக்கிற நீரோடு இன்னும் நீர் ஏற்றியிருக்கிறார்கள்.

அவளைத் திட்டுவதற்கென்று பஸ் முழுக்க நான் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒருத்தியை அதே வார்டில் வாயைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். கட்டியவர் மரக்காணத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பெண்ணைத் திட்டினால் அவருக்கு அல்லவா சௌகரியம்?

பொம்மையைக் கீழே இறக்கிவிட்டு நானே கட்டிலில் படுத்தேன். "எனக்கு மூச்சு வாங்குது. வா" என்றேன். அவள் வந்தாள். கை நேராக ஸ்டாண்டுக்குப் போனது.

"எங்க போவுது கை? வாயப் பாரு!"

பதறி வாயைப் பார்த்தாள். மாரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் ஸ்டாண்டைப் பார்த்தாள். அவளை வாசலுக்கு அனுப்பித் திரும்ப வரச் சொன்னேன். அப்புறமும் அனுப்பினேன். அழுதுகொண்டே வந்தாள். ஒரு வழியாக என் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்து, தலையணையை முட்டுக் கொடுத்து, ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் வைத்தாள். அவள் விரல்கள் என் தோளில் பதிந்திருந்த இடத்தில்தான் உன் தோளையும் பிடித்திருப்பாள். கண்ணை மூடிக்கொண்டேன். "சொல்லு" என்றேன். "ஒக்கார வெச்சிட்டேன், ஆக்சிஜன் போவுது, டாக்டரக் கூப்புடுங்க" என்று உரக்கச் சொன்னாள். ஆனால் நேரம் நிறைய எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்துக்குள் ஆள் போய்விடும்.

சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார்.

"போட்டோ எடுத்தாச்சில்ல மேடம்? அது போதும். நாளைக்குக் கெளம்பிடுங்க."

"ஒரு பொண்ணுக்கு இன்னும் சரியா வரல சார்."

"ஒரு பொண்ணுக்காக ஒக்காந்திருப்பீங்களா? ஆர்டர் ஒரு நாளைக்குத்தான் போட்டிருக்கு."

"அதுக்குச் சரியா வந்தப்பறம்தான் நான் வருவேன். மெமோவ இந்த அட்ரசுக்கே அனுப்பிடுங்க."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நாளைக் காலையில் முதல் ஆளாகச் சுகந்தியைத்தான் கூப்பிடப் போகிறேன்.