அடுத்த வாரம் நிஜ டீ

அண்ணே,

காலையில் அலமாரியைத் துடைக்கப் போய், உன் கெட்டிப் பவுடர் டப்பா கையில் சிக்கியது. திறந்தேன். வாசனையே இல்லாத வெள்ளை மாவு, பாதிக்கு மேல் மிச்சம். அங்கனயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காரியம் முடிந்து வீடெல்லாம் கழுவியாச்சு. எனக்கு மட்டும் இன்னும் புத்தியில் ஏறவில்லை. போய்ட்டியா நீ? அதுவும் பால் குடித்தா?

அல்லிநகரத்துக்கே டீ ஆற்றிக் கொடுத்த ஆள் நீ. பக்கவாதம் வலது கையோடு நாக்கையும் இழுத்துக்கொண்டு போனது. எதைக் கொடுத்தாலும் புரையேறிக் கண் பிதுங்கும். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கக் குமுளிப் பக்கமிருந்து வந்துபோன மலையாளப் பெண்தான் விளக்கிச் சொன்னாள்: "தண்ணி, பால், டீ எல்லாம் வேகமா ஓடும். இவர் தொண்டை மூடறதுக்குள்ள நெஞ்சுக்குள்ள போயிரும். கெட்டியாக்கித்தான் கொடுக்கணும். நிமிர்ந்து உட்காரணும், தலையைக் குனிஞ்சு நாடியை நெஞ்சோட சேர்த்து முழுங்கணும்."

பவுடர் கலந்த முதல் டீயை ஊட்டியபோது பார்வையாலேயே என்னைத் திட்டினாய். போஸ்டர் ஒட்டுற பசையில் டீத்தூள் போட்ட மாதிரி இருந்தது, பாவம். துப்பலாம் என்றால் அதற்கும் நாக்கு ஒத்துழைக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவள் உன் மேலுதட்டில் துளி தேன் தொட்டு வைத்து, "சேட்டா, நாக்கு மேலே, பதுக்கெ, மெதுவா" என்பாள். டீக்கடைக்காரர் என்று தெரிந்ததும், "கடைக்கு வர்றவங்ககிட்ட முதல்ல என்ன கேப்பீங்க?" என்று கேட்டு, 'சீனி' என்ற சொல்லையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டாள். நான் பிடிக்கும் கண்ணாடியைப் பார்த்து முக்குவாய். "ஈ... ஈ..." என்றுதான் வரும். 'சீ' வரவே வராது. கோபத்தில் கண்ணாடியைத் தள்ளுவாய், மறுநாள் நீயே கை நீட்டி அதைக் கேட்பாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை பவுடர் கலக்காத வெறும் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தாள். இருமாமல் விழுங்கினாய்! "அடுத்த வாரம் நிஜ டீ, சேட்டா" என்றாள். உன் முகத்தைப் பார்க்கணுமே அப்போது. அப்படி ஒரு வெட்கம் கலந்த சிரிப்பு.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவை உன்னோடு உட்காரவைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். திரும்பினால் வாசலில் வேன். மயிலாடும்பாறையிலிருந்து அப்பாவின் அக்காவான நம் அத்தை வருசநாட்டுச் சொந்தத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்திருந்தாக. நீ மல்லாந்து தூங்கியிருக்கிறாய். தொண்டையில் எச்சில் தேங்கிக் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, நமக்கு அது தினசரிச் சத்தம். அவுகளுக்கு அது உசிரு இழுக்கிற சத்தமாகக் கேட்டிருக்கிறது. பால் ஊற்றினால் நிம்மதியாகப் போய்ச் சேருவாய் என்று முடிவு கட்டிவிட்டாக. பக்கத்து வீட்டு அக்கா, "பாலு குடுக்கக் கூடாதாம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். "போற உசிருக்கு என்ன பத்தியம்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டாக.

நான் நுழையும்போது டம்ளர் காலி.

"யாரு ஊத்துனது?" என்று கத்தினேன்.

"எல்லாருந்தான் ஆத்தா. முறைக்கு ஒரு கரண்டி" என்றாக அத்தை, கண்ணைத் துடைத்தபடி, நல்லது செய்த முகத்தோடு.

சாயங்காலமே உனக்குக் காய்ச்சல் கொதித்தது. பால் நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்த வாரம் முடியவில்லை, நீ முடிந்துவிட்டாய்.

அத்தையை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வெறியோடு இருந்தேன். கருமாதி அன்று அவுகளே வந்து என் கையைப் பிடித்தாக.

"ஏன்டி, அவனுக்குப் பேச்சே வராதுன்னீக? எங்கிட்டப் பேசுனான்டி. மொதக் கரண்டி பட்டதும் முழிச்சுக்கிட்டான். தலையத் தூக்கி, நாடிய நெஞ்சுல வச்சு, மடக்குனு முழுங்குனான். என்னையப் பாத்துச் 'சீனி'ன்னான். போற நேரத்துல என்னமோ பெனாத்துறான்னு படுக்க வச்சு மத்தவுகள ஊத்தச் சொன்னேன்."

வந்துருச்சா அண்ணே? 'சீ' வந்துருச்சா? நான் நல்லாத்தான் இருக்கேன், பாலில் சீனி இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறாய். உன்னைப் படுக்க வைத்து மேற்கொண்டு ஊற்றியிருக்கிறார்களே, பாவிகளா!

"தெளிவாச் சொன்னானா அத்தை?"

"தெளிவா ஆத்தா. கடையில நின்னு கேக்குற மாதிரியே."

கேட்க நினைத்த நாலு கேள்வியையும் கேட்காமலே அத்தையை வழியனுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அத்தை தாங்க மாட்டாக. சொல்லாமல் என்னால் தாங்க முடியவில்லை. இன்னும் சொல்லவில்லை.

டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். பவுடர் கலக்காத டீ, உனக்கு அடுத்த வாரம் என்று சொன்ன டீ. ஆற்றிக்கொண்டே, உன் கட்டில் கிடந்த பக்கம் திரும்பி, "சீனி?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். தினமும் கண்ணாடி பிடித்து உனக்குச் சொல்லிக் கொடுத்த அந்தச் சொல்லை ஒரு வேன் ஜனம் கேட்டிருக்கிறது, அண்ணே. நான்தான் கேட்கவில்லை.