மூன்று வாரத்துக்கு ஓர் அறை

அம்மா,

பக்கத்து ஃபிளாட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த சாமான்கள். நேற்று சாயங்காலம் மரப்பெட்டிகளை வாசலில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கி, லிஃப்ட் கதவு திறந்ததும் அந்தப் பலகை வாசனை மூக்கில் ஏறியது. பிசினும் ஈரமும் கலந்து, லேசாகக் காறும் வாசனை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டம்மாள், சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அம்மாவை நினைத்தால் அழுகை வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பாதி உனக்காக வருவது, பாதி உன் மேல் வருவது. இரண்டையும் பிரிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் இங்கிலீஷ் டீச்சர் மார்கரெட் மிஸ் ஒரு நாள் வகுப்பில் ஓர் அறிவிப்பைப் படித்தார். ஏதோ ஓர் அமைப்பினர் பெங்களூர்ப் பள்ளிகளிலிருந்து சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஜெர்மனிக்கு அனுப்புகிறார்களாம். பயணச் செலவு முழுக்க அவர்களுடையதாம். ஒரு கட்டுரை எழுத வேண்டும், பிறகு நேரில் பேச வேண்டும். நான் அல்சூர் ஏரியில் ஆகாயத் தாமரை அள்ளுகிறவர்களைப் பற்றி எழுதினேன். நேரில் பேசும்போது நாக்கு இரண்டு இடத்தில் பிறழ்ந்தது. ஆனாலும் பெயர் வந்துவிட்டது.

அன்றைக்கு நீ நர்சிங் ஹோமில் ஆயா வேலை முடித்துவிட்டு வந்து காலைக்கூடக் கழுவவில்லை. காம்பவுண்டில் இருந்த நான்கு வீட்டுக்கும் போய்ச் சொன்னாய். ஜெர்மனி லண்டனுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பூக்கார அக்கா கேட்டதற்கு, "அதெல்லாம் பிளேன்காரனுக்குத் தெரியும்" என்றாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

நிபந்தனை அடுத்த வாரம்தான் தெரிந்தது. நான் அங்கே ஒரு பெண்ணின் வீட்டில் மூன்று வாரம் தங்குவேன். அதற்கு முன்னால் அந்தப் பெண் இங்கே வந்து நம் வீட்டில் மூன்று வாரம் தங்குவாள். அவளுக்குத் தனி அறை வேண்டும். வீட்டைப் பார்க்க அந்த அமைப்பிலிருந்து ஒருவர் வருவார்.

நம் வீடு ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. அவ்வளவுதான். அதை நான் மிஸ்ஸிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீ தயங்கவே இல்லை. அப்பா பக்கம் திரும்பி, "உங்க ஃபேக்டரில பலகை கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டாய்.

அப்பா மெஷின்களுக்குப் பெட்டி அடிக்கும் கம்பெனியில் இருந்தார். கழித்துப் போட்ட பலகைகளை ஓனரிடம் கேட்டு வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்து, அறையை இரண்டாகப் பிரித்தார். பலகைகளில் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்துகளும் அம்புக்குறியும் இருந்தன. ஒரு பலகையைத் தலைகீழாக அடித்துவிட்டார். 'இந்தப் பக்கம் மேலே' என்ற எழுத்து தரையைக் காட்டியது. நான் சிரித்தேன். "வர்றவளுக்கு இங்கிலீஷ் தெரியும், தலையைச் சாச்சுப் படிச்சுப்பா" என்றார் அப்பா. நீ சிவாஜிநகர் போய்த் திரைத்துணி வாங்கிவந்தாய். கக்கூஸ் இரண்டும் காம்பவுண்டுக்குப் பொது. வீடு வீடாகப் போய்ப் பேசி, மூன்று வாரத்துக்கு ஒன்றை அந்தப் பெண்ணுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதம் வாங்கினாய். அதற்குப் புதுப் பூட்டும் போட்டாய்.

நான் அந்த ஜெர்மன் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினேன், அவளும் எழுதினாள். அவள் பெயர் அன்னா. "பொண்ணுக்குப் போய் அண்ணான்னு பேரு வெச்சிருக்காங்களே" என்று நீ ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

வீடு பார்க்க வந்த ஒருங்கிணைப்பாளர் மேடம் நல்லவர். அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். மூக்கைச் சுளிக்கவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். நீ கொடுத்த கலர் சோடாவில் பாதியைக் குடித்தார். பலகையைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப அழகாகச் செய்திருக்கிறீர்கள் என்று கன்னடத்தில் சொன்னார். கக்கூஸ் எங்கே என்று கேட்டார். நீ அழைத்துப்போய்ப் பூட்டைத் திறந்து காட்டினாய். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு சங்கடம் இருந்தது. எழுந்து கிளம்பும் நேரத்தில் நீ வாசலை மறித்தது போல நின்றுகொண்டு கேட்டாய்.

"நம்ம மனேல ஏனு கம்மி மேடம்?"

நம் வீட்டில் என்ன குறை என்று. தமிழ் கலந்த உன் அல்சூர்க் கன்னடத்தில். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, குறை எதுவும் இல்லை அம்மா, விதி என்று சில இருக்கின்றன, கமிட்டி பார்த்துச் சொல்லும் என்றார். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

என் இடம் பட்டியலில் அடுத்ததாக இருந்த மல்லேஸ்வரத்துப் பெண்ணுக்குப் போனது. மார்கரெட் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. நீ மறுநாள் யூனிஃபார்ம் சேலையோடு பள்ளிக்கு வந்தாய். உன் கோபம் போய் விழுந்தது அந்த மேடம் மேல் இல்லை, கமிட்டி மேலும் இல்லை. நமக்காகக் கமிட்டிக்கு இரண்டு முறை எழுதிப்போட்ட மார்கரெட் மிஸ் மேல். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "ரூம் இருக்கறவங்க பொண்ணுதான் போகணும்னா மொதல்லயே ரூமைப் பாத்துட்டு அப்பறமா பரிச்சை வெச்சிருக்கணும்" என்று கத்தினாய். நீ சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. யாரிடம் சொன்னாய் என்பதுதான் தப்பு. மிஸ் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அன்னா வந்தாள். மல்லேஸ்வரத்தில் தங்கினாள். ஜெர்மன் மாணவர்களை ஒவ்வொரு பள்ளியாகக் கூட்டிக்கொண்டு போனபோது எங்கள் பள்ளிக்கும் வந்தாள். கடிதம் எழுதியவள் யார் என்று கேட்டு என்னைத் தேடிப் பிடித்தாள். ஏன் உன் வீட்டில் நான் இல்லை என்று கேட்டாள். எங்கள் வீடு சின்னது என்றேன். பார்க்கலாமா என்றாள். பள்ளி விட்டதும் கூட்டிவந்துவிட்டேன்.

அன்றைக்கு உனக்குக் காலை ஷிஃப்ட், வீட்டில் இருந்தாய். அவளை ஒரு முறை பார்த்தாய். பிறகு தோசைக்கல்லை வைத்தாய். அவள் தரையில் காலை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்து, கெட்டிச் சட்னியோடு நான்கு தோசை சாப்பிட்டாள். தலைகீழ் எழுத்தைத் தலையைச் சாய்த்துத்தான் படித்தாள். வெயிலில் அலைந்த களைப்பு போலிருக்கிறது, பலகைக்குப் பின்னால் கட்டிலில் சும்மா உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். காம்பவுண்டுப் பிள்ளைகள் வெள்ளைக்காரியைப் பார்க்க ஓடிவந்தார்கள். நீ வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு ஒருவரையும் உள்ளே விடவில்லை. கையாலேயே சைகை செய்து விரட்டினாய். ஒரு மணி நேரம் இருக்கும். நடுவில் என்னை அருகே இழுத்து மெதுவாகச் சொன்னாய்.

"பாத்தியா, எப்படித் தூங்குறா. இந்த எடத்துல என்னடி கொறச்சலைக் கண்டாங்க?"

நீ மகிழ்ச்சியாக இருப்பாய் என்றுதான் அவளைக் கூட்டிவந்தேன். உன் முகம் அப்படி இறுகிப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் அந்த மேடம் காரில் வந்து அவளை அழைத்துப்போனார். நான் அனுமதி கேட்காமல் அவளை அழைத்து வந்ததற்காக மார்கரெட் மிஸ்ஸுக்கு மேலிடத்தில் திட்டு விழுந்தது. அன்னா ஊர் திரும்பினாள், மல்லேஸ்வரத்துப் பெண்ணும் போய்விட்டு வந்தாள். அப்பா பலகைகளைக் கழற்றவில்லை. அந்தப் பக்கத்தில் நான் படித்தேன்.

இதுவரை உன் பக்கம்தான் நான், அம்மா. இனிமேல் சொல்வதில் இல்லை.

அடுத்த வருடம் மார்கரெட் மிஸ் நம் வீட்டுக்கே வந்தார். அவ்வளவு பேச்சு கேட்ட பிறகும் வந்தார். நகரத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் கோடை விடுமுறையில் அறிவியல் முகாம். விடுதியில் தங்கி, ஆய்வுக்கூடத்தில் வேலை கற்றுக்கொள்ளலாம், எல்லாம் இலவசம், என் பெயரை எழுதலாமா என்று கேட்க வந்தார். அவர் பாதி சொல்வதற்குள் நீ, "வேணாம் மிஸ். எவளும் மறுபடி எங்க வீட்டுக்கு மார்க் போட வரவேணாம்" என்றாய். அவர் ஏதோ விளக்க வாயெடுத்தார். நீ சமையலறைக்குள் போய்விட்டாய். அப்பா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

நான் கெஞ்சினேன். நீ மார்க் என்று சொன்னது பழைய கோபம் என்றுதான் நினைத்தேன். பிறகு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன். நீ என்னை டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்த்தாய். அந்த மே மாதம் முழுக்க ஒரே நான்கு எழுத்துகளைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு படித்த இரண்டு பேர் முகாமுக்குப் போய், மைக்ராஸ்கோப்பில் தங்கள் ரத்தத்தையே பார்த்ததாக வந்து சொன்னார்கள்.

நான் டிப்ளமோ படித்து, வேலைக்குப் போய்க்கொண்டே டிகிரி முடித்து, வைட்ஃபீல்டில் இந்தக் கம்பெனிக்கு வந்து சேர எத்தனையோ வருடம் ஆயிற்று. ஆபீஸில் ஒரு மாதம் வெளிநாடு அனுப்பினார்கள். போன் செய்தபோது நீ சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "ரூம் தனியாவா குடுத்தாங்க?" என்றாய். ஆமாம் என்றேன். "அப்போ சரி" என்று வைத்துவிட்டாய்.

திரும்பி வந்த பிறகு ஒரு மத்தியானம் நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். அன்றைக்கு ஏன் முகாமுக்கு விடவில்லை என்று கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

"இன்னொருத்தி வந்து வீட்டை மேலயும் கீழயும் பாத்துட்டுப் போவா. உன் மூஞ்சி அப்படித் தொங்கிப்போறதை இன்னொரு வாட்டி பாக்க என்னால ஆவாது."

"முகாமுக்கு வீடு பாக்க யாரும் வரமாட்டாங்கம்மா. அவங்க ஹாஸ்டல்லதான் தங்கணும்."

உன் கை நின்றது. "அதை யாரும் எனக்குச் சொல்லலியே" என்றாய்.

நீ சொல்ல விட்டால்தானே? எத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது, ஒரே ஒரு வாக்கியத்தை ஒருவர் முடிக்கவும் ஒருவர் கேட்கவும் முடியாமல் அந்தக் கோடை போயிற்று என்று. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவில்லை. இப்போது பேச நீ இல்லை. இதுவும் எனக்குக் கோபம்தான்.

இந்த வருடம் எங்கள் ஆபீஸில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆறு மாதம் கம்ப்யூட்டர் பயிற்சி, நன்றாகச் செய்கிறவர்களுக்கு சிங்கப்பூரில் ஒரு பள்ளியோடு பரிமாற்றம். தேர்வுக் குழுவில் என்னையும் போட்டார்கள். பரீட்சையில் முதலில் வந்தது கார்ப்பரேஷன் பள்ளியில் படிக்கும் ஒரு பெண். அவள் பெயருக்கு நேரே மேனேஜர் கோடு போட்டார். வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அவள் வீட்டில் இல்லை. இன்னும் நான்கு பேருக்கும் அப்படியே கோடு விழுந்தது.

நான் பேசினேன். முதலில் நிதானமாகத்தான் பேசினேன். பிறகு என் குரல் ஏறியது, நடுவில் தமிழ் வந்துவிட்டது. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேனேஜர், சொந்த விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மென்மையாகச் சொன்னார். அவரும் நல்லவர்தான், அம்மா. இவர்கள் எல்லாரும் நல்லவர்கள். கோடு மட்டும் எப்படியோ விழுந்துவிடுகிறது.

கடைசியில் அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் வழி விட்டார்கள். சனிக்கிழமைகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் வேலை செய்யலாம், யாராவது பொறுப்பேற்றுக் கூட இருக்க வேண்டும் என்றார்கள். நான் ஏற்றேன். மற்ற நான்கு பேரைப் பற்றிக் கேட்டதற்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடத்துக்கான அறிவிப்பை இப்போதே அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிபந்தனை மாறவில்லை.

போன சனிக்கிழமை அந்தப் பெண்ணை அவள் அம்மா கூட்டிவந்தார். வீட்டு வேலைக்குப் போகிறவர். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, ரிசப்ஷன் சோஃபாவில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். நான் வெளியே வந்தபோது கிட்டே வந்து கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க மேடம். கடைசில இல்லைன்னு சொல்லிட மாட்டீங்கல்ல?"

மாட்டோம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கமிட்டி பார்த்துச் சொல்லும் என்று சொல்வதும் சுலபமாகத்தான் இருந்திருக்கும். இரண்டையும் சொல்லவில்லை.

"சொன்னாலும் சொல்லுவாங்கம்மா. எனக்கு நிச்சயமாத் தெரியாது. ஆனா என்ன காரணம்னு உங்களுக்கு நானே வந்து முழுசா சொல்றேன். நீங்க கத்தணும்னா என்கிட்ட கத்துங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுக் கத்துங்க."

அவர் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். பிறகு சோஃபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.